தலைகீழாய் நின்ற ஆத்தாள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில், வடக்கு நோக்கிய நீண்ட அறை ஒன்றில், கலை, கட்டடக்கலைப் படத்தொகுப்பு இருந்தது. அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், கண்ணாடித் தகட்டுப் படங்கள், கோயில்களின் தரைவரைவுகள். இவற்றோடு இரும்பு இழுப்பறைகளில் நிரைநிரையாக வண்ணப் படவில்லைகள். ‘படவில்லை’ என்று சொன்னவன் நான் ஒருவன்தான். ஏனையோர்க்கு அது சிலைடு. தீப்பெட்டியளவுகூட இல்லாத படலம், அதைச் சூழ வெள்ளை அட்டைச் சட்டம், சட்டத்தின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு.

அந்தப் பொட்டு காரணமின்றி இடப்பட்டதன்று. படவீழ்த்திக்குள், அதாவது புரொஜெக்டருக்குள், படவில்லையைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும். ஒளி ஊடுருவிச் சுவரில் விழும்போது அதுவே நேராகிவிடும். பொட்டு மேலே இருந்தால் படம் முறையாகச் செருகப்பட்டிருக்கிறது என்று பொருள்.

தொகுப்பைக் காத்துவந்தவர் சேலம் கடைவீதியில் துணி வணிகம் செய்த இசுலாமியக் குடும்பத்துப் பெண்மணி. அவர் படங்களைப் பற்றி ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார். தூணில் குதிரையேறி நிற்கும் வீரனுக்கு நிறம் வாடிவிட்டது என்பார். மண்டபத்து யாளிக்கு மழைக்காலம் ஒத்துக்கொள்வதில்லை என்பார். எந்தப் படவில்லையையும் ஒரு மணித்துளிக்கு மேல் ஒளியில் நிற்க விடமாட்டார். விளக்கின் வெம்மை வண்ணத்தைத் தின்றுவிடும் என்பது அவர் அச்சம். வகுப்பில் நான் சற்றே நீட்டி விளக்கினால், பின்னிருந்து ஓர் இருமல் எழும். அவ்விருமலுக்கு அஞ்சியே என் பேச்சு சுருக்கம் கற்றது.

எழுபதுகளின் இறுதியில், மல்லசமுத்திரத்திற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அம்மன் கோயில் வாயிலின் மேல் அமர்ந்திருந்த அம்மனின் சுதைச் சிற்பத்தை என் படச்சுருளின் கடைசித் துண்டில் எடுத்தேன். பேருந்து வந்துவிட்டது, ஒன்றுதான் எடுக்க முடிந்தது. அதுவும் ஓர் இழுப்பறையில் சென்று அடங்கிற்று.

சில ஆண்டுகள் கழித்து அவ்வூரில் திருப்பணி தொடங்கினார்கள். சாரம் கட்டும்போதே பழஞ்சுதை பெயர்ந்து விழுந்து பொடியாயிற்று. குடமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று. ஆத்தாள் எப்படி அமர்ந்திருந்தாள் என்பதில்தான் ஊர் இரண்டாயிற்று. வலக்கால் மடித்திருந்தாள் என்றனர் ஒரு பக்கத்துப் பங்காளிகள்; இடக்கால் என்றனர் மற்றவர். கையில் இருந்தது கத்தியா சூலமா என்பதிலும் அதே பிளவு. ஊர் ஒரு சொல்லாகச் சொல்லும்வரை சுண்ணாம்பு குழைக்க மாட்டேன் என்று சுதைவேலைக்காரர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். அவ்வூரிலிருந்து எங்களிடம் பயின்ற மாணவி ஒருத்தி இதை என்னிடம் சொன்னபோது, அந்தக் கடைசித் துண்டு நினைவுக்கு வந்தது. அவ்வூரில் யாரிடமும் வேறு படம் இல்லை.

படத்தைப் பார்க்க வரும்படி அவள்வழியே ஊருக்குச் சொல்லியனுப்பினேன். பெரியவர் இருவரும் சுதைவேலைக்காரரும் வருவர் என எதிர்பார்த்தோம். ஒரு லாரி வந்து நின்றது. விடியுமுன்பே குளித்து ஈரப்பின்னலோடு ஏறியிருந்த பெண்கள், இரு தரப்புப் பங்காளிகள், பூமாலை, தேங்காய், கற்பூரம். படிகளின் அடியில் செருப்புகள் குவிந்தன. கற்பூரம் கூடவே கூடாது என்றார் பெண்மணி. மாலையைப் படம் விழும் சுவரின் மேலாணியில் தாமே மாட்டினார்.

பிறகு படவில்லையை எடுத்துச் சன்னலொளியில் ஊர்ப்பெரியவருக்குக் காட்டினார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். பெண்மணி அதைப் படவீழ்த்தியில் செருகிவிட்டுச் சன்னல் திரைச்சீலைகளை இழுக்கச் சென்றார். அறை இருண்டது. விளக்கு எரிந்தது.

சுவரில் ஆத்தாள் தலைகீழாக நின்றாள். மடித்த கால் மேலே. மகுடம் தரையை நோக்கி.

இது நல்ல குறியன்று, குடமுழுக்கைத் தள்ளிவைக்க வேண்டும் என்று முன்வரிசை மூதாட்டி ஒருத்தி முணுமுணுத்தாள்; அம்முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் பரவியது. வேற்றுச் சமயத்தார் கை பட்டால் இப்படித்தான் என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. பெண்மணியின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் விளக்கை அணைத்து, பிழை தம்முடையதே என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் அவ்வாறு செருகியதில்லை என்பதை நான் அறிவேன்.

இருட்டிலிருந்து ஊர்ப்பெரியவர் எழுந்தார்.

“உங்க தப்பு இல்லீங்க. நாந்தானுங்க திருப்பி வெச்சேன். நீங்க சீலைய இழுக்கப் போனப்போ பாத்தேன். ஆத்தாளத் தலகீழாச் சொருகியிருந்துது. மனசு ஒப்புல.”

“ஐயா, உள்ள அவங்க தலகீழா நின்னாத்தான் வெளிய நமக்கு நேரா நிப்பாங்க,” என்றார் பெண்மணி.

நல்ல குறியன்று என்ற மூதாட்டிதான் முதலில் வாய் திறந்தாள்.

“பெத்தவ பாடு எப்பவும் அப்பிடித்தானுங்க அம்மிணி. நீங்க சொருகுங்க.”

யாரோ சிரித்தார்கள். பொட்டு மேலே வந்தது, ஆத்தாள் நிமிர்ந்தாள். மடித்திருந்தது வலக்கால். வலக்கால் என்ற பங்காளிகள் வெற்றியோடு செருமிக்கொண்டனர். ஆனால் ஆயுதம் பற்றிய வழக்குத் தீரவில்லை. நான் படமெடுத்த நாளிலேயே ஆயுதம் ஏந்திய கை மணிக்கட்டோடு உடைந்து போயிருந்தது. மறுபடியும் குரல்கள் உயர்ந்தன. கதவோரம் நின்ற லாரி ஓட்டுநர்தான் முடித்துவைத்தார்.

“சூலமே இருக்கட்டுங்க. கத்தியக் குடுத்தா நீங்க வருசம் பூராச் சண்ட போடுவீங்க.”

சுதைவேலைக்காரர் தாளை விரித்தார். பெண்மணி தம் விதியைத் தளர்த்தவில்லை: ஒரு மணித்துளி ஒளி, பிறகு விளக்கணைத்துப் படவீழ்த்தி ஆறும்வரை இருட்டு. சுதைவேலைக்காரர் மகுடத்தை ஓர் ஒளியில் வரைந்தார், தோளை அடுத்த ஒளியில். இடைப்பட்ட இருட்டுகளில் ஊர் பேசிக்கொண்டிருந்தது: மரவள்ளி விலை, யார் வீட்டுப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள். ஒளி வந்ததும் பேச்சு நின்று கைகள் குவியும். வரைந்து முடித்தபின் மூதாட்டி இன்னும் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டாள். அம்முறை மணித்துளி கடந்தும் விளக்கு எரிந்தது. நான் பின்னாலிருந்து இருமிப் பார்த்தேன். பெண்மணி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

குறித்த நாளில் குடமுழுக்கு நடந்தது. எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. பெண்மணி தம் தந்தையாரையும் அழைத்து வந்தார். வாயிலின் மேல் புத்தாத்தாள் வலக்கால் மடித்து, சூலம் ஏந்தி, படவில்லையில் இருந்ததைவிடச் சற்றே பருமனாக அமர்ந்திருந்தாள். சாரத்தின் கயிற்றுத் தழும்புகூடச் சுவரில் இன்னும் மறையவில்லை. ஊர்ப்பெரியவர் பந்தலைக் கடந்து விரைந்து வந்தார். முதலில் கேட்டது எங்கள் நலத்தையன்று.

“ஏனுங்க அம்மிணி, அங்க பொட்டிக்குள்ள ஆத்தா இன்னுந் தலகீழாத்தான் நிக்கறாளுங்களா?”

“இல்லீங்கையா. எடுத்து நேரா வெச்சுட்டுத்தான் பூட்டிட்டு வந்தேன்.”

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரையும் தந்தையாரையும் முதற்பந்திக்கு அழைத்துச் சென்றார்.