இறால் கொட்டகைப் பந்தயம்

ஓர் எவர்சில்வர் குடத்துக்காகப் பந்தயம் நடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுபதுகளில் முட்டுக்காட்டில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில்தான் அது இருந்தது. அந்த வீட்டுக்காரி கிணற்றுக்கு வரும் நடையே தனி!

அம்மாவும் சித்தியும் இறால் கொட்டகையில் ஓடு உரித்தார்கள். சித்தி வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கூலியில்தான். சாயங்காலத்துக்குள் தன் பேசினை நிரப்பாதவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்பது கொட்டகைச் சட்டம். அன்று ஏற்றுமதி லாரிக்கு அவசரமாம். முதலில் பேசினை நிரப்புகிறவளுக்குக் குடம் என்று சொல்லி, மேஸ்திரி அதை வாசலிலேயே தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் லீவு. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான் குந்திக்கொண்டேன்.

அம்மாவின் கை வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தலையைக் கிள்ளியதும் ஓடு தானாகக் கழன்று வரும். பக்கத்தில் சித்தி, இறால் கொம்பு குத்தி வீங்கிய விரலோடு ஆமை வேகத்தில் உரித்தாள். எதிர் வரிசைக்காரி ஒருத்தி அம்மாவை நெருங்கிவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்: மூன்று பிடிக்கு ஒரு பிடியை அம்மா சித்தியின் பேசினில் போட்டுக்கொண்டிருந்தாள்!

அவசரத்தில் கை தவறுகிறது என்று நினைத்தேன். குடம் போய்விடுமே!

“எம்மா, அது சித்தி பேசினு! மாத்திப் போட்டுகினு கீறே!” கொட்டகை அதிரக் கத்தினேன்.

எல்லாக் கைகளும் நின்றன. மேஸ்திரி வந்தார். சித்தியின் விரலைப் பார்த்தார்.

“இன்னாம்மே, இவ பேசின நீ ரொப்பிகினு கீறியா?” என்று அம்மாவை அதட்டி, சித்தியை அந்தக் கோடியில் தனியாக உட்கார வைத்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? உரித்ததெல்லாம் அம்மாவின் பேசினுக்கே வந்தது. ஜெயித்தோம்! நான் குதித்த குதியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் குதித்தேன். நான் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் குடம் எதிர் வரிசைக்கல்லவா போயிருக்கும்!

சாயங்காலம் சித்தியின் பேசின் பாதிதான் நிறைந்திருந்தது. குடத்தை இடுப்பில் வைத்து, தெருவுக்கே காட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அம்மாவும் சித்தியும் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் சித்தி அழுகிறாள். குடம் கிடைக்காத ஏக்கம் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

“அய்வாத சித்தி. நாளிக்கு நீயும் வேகமா உரி, ஒனக்கும் ஒண்ணு குடுப்பாங்க” என்று பெரிய மனதோடு ஆறுதல் சொன்னேன்.