நீலமாகத் தெரிந்த கூரை

நகராட்சியின் வரைபடப் பிரிவில் அந்தப் பெண்ணுக்குச் 'சூட்டுக்காரம்மா' என்று பெயர். தட்டச்சு வேலைக்கு வந்தவள், மாலை வகுப்பில் கணினி வரைபடம் படித்து, செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பப் படத்திலிருந்து தரையின் சூட்டைக் கணக்கிடும் வித்தையைப் பிடித்துக்கொண்டாள். உடும்புப் பிடி. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

அந்தக் கோடையில்தான் ஊரின் சூட்டு வரைபடம் முதன்முதலாக முழுசாக வந்தது. சிவப்பு என்றால் கொதிப்பு, நீலம் என்றால் குளிர்ச்சி. எந்தெந்தக் கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தவள், மடிக்கணினியைத் திறந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் ஊர்க்கோடியிலிருந்த பெரிய கிடங்கில் பெட்டி கட்டுகிறவள்.

"இங்க பாரு, ஊர்லயே குளுகுளுன்னு இருக்கிறது உன் கிடங்குதான்! ஏரியைவிட நீலம்!"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, நேத்துதான் அங்க ஒருத்தி மயங்கி விழுந்தா. உங்க செயற்கைக்கோளை ஒரு நாள் வந்து எங்களோட பெட்டி கட்டச் சொல்லுங்க."

அண்ணிக்குச் சுருக்கென்றது. அப்புறம் கண் விரிந்தது. "உங்க கூரை எதுல போட்டது?"

"புதுத் தகரம். கண்ணாடி மாதிரி மின்னும்."

"அடி சக்கை!" என்று எழுந்தே விட்டாள்.

செயற்கைக்கோள் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. கீழிருந்து வரும் வெப்பக் கதிரைத்தான் அளக்கிறது. மண்ணும் சிமெண்டும் தங்கள் சூட்டை ஒளிக்காமல் உமிழ்ந்துவிடும். பளபளக்கும் தகரமோ கல்லுளிமங்கன். கொதித்தாலும் கொஞ்சம்தான் வெளியே விடும். ஒரு பொருள் தன் சூட்டில் எவ்வளவை வெளியே விடும் என்பதைச் சொல்வது உமிழ்திறன் எண்; இவளோ சிமெண்டுக்குப் போட்ட அதே எண்ணைத் தகரத்துக்கும் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை, செயற்கைக்கோள் வழக்கமாக ஊரைக் கடக்கும் வேளையில், தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவியும் ஒரு சுருள் கறுப்பு டேப்பும் எடுத்துக்கொண்டு கிடங்கின் ஏணியில் ஏறினாள். அரைமனதாக வந்த நகராட்சி இன்ஜினியர் பின்னால் ஏறினார். கருவியைத் தகரத்தை நோக்கிப் பிடித்தாள். இருபத்தேழு டிகிரி!

"சரியாத்தானேம்மா காட்டுது?" என்று அவர் தகரத்தில் கை வைத்தார். "ஐயோ!"

வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டே, சிமெண்டைப் போலவே சூட்டை ஒளிக்கத் தெரியாத அந்தக் கறுப்பு டேப்பில் ஒரு துண்டை ஒட்டினாள். அதுவும் தகரத்தின் சூட்டுக்கு வரட்டும் என்று சற்றுப் பொறுத்து, டேப்பை அளந்தாள். அறுபத்து மூன்று!

"சார்! பாருங்க சார்!" அவள் துள்ளிய துள்ளலில் தகரம் தடதடத்தது.

கீழிருந்து நாத்தனார் கத்தினாள்: "அண்ணி, குதிக்காதீங்க! பிச்சுக்கிட்டு எங்க தலையில வந்து விழப்போறீங்க!"

அலுவலகத்துக்கு ஓடாத குறையாகப் போய், தகரக் கூரைகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு வேறு எண் கொடுத்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். திரையில் நீலம் ஒவ்வொன்றாகச் சிவந்தது. கிடங்கு மட்டுமா? சந்தைக் கொட்டகை, பேருந்துப் பணிமனை, ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம். "இத்தனை நாளா எங்கடி ஒளிஞ்சிருந்தீங்க?" என்று திரையைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

முதல் வெள்ளைப் பூச்சு கிடங்குக்கே விழுந்தது. வாரக் கடைசியில் நாத்தனார் வேலையிடத்திலிருந்தே அழைத்தாள். "அண்ணி, மத்தியானத்துல மூச்சு விட முடியுது. எல்லாரும் உங்களைப் பார்க்கணுங்கிறாங்க."

"வர்றேன், வர்றேன். முதல்ல அந்தப் பணிமனைக் கூரை மேல ஏறிட்டு வந்துடறேன்!"