தங்கைக்குக் கற்றுக்கொடுத்த ‘வாங்க’

என் தங்கைக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சொல். அதைக் கற்றுக்கொடுத்த வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினான்கு. அவளுக்குப் பேச்சே கிடையாது. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கிணற்றடியில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவாள். ஒன்றை நகர்த்தினாலும் சுவரில் மடேர் மடேரென்று தலையை மோதிக்கொள்வாள். இன்று அதற்கு ஆட்டிசம் என்று பெயர். அன்று எங்கள் ஊர் நாச்சியாபுரத்தில் ‘காத்துக் கருப்பு அடிச்ச பிள்ளை’. திருக்கோஷ்டியூர் கோயிலுக்கு நடையாய் நடந்ததுதான் மிச்சம்.

காரைக்குடி அரிசி ஆலையில் வேலை பார்த்த அப்பா ஒரு நாள் மூச்சிரைக்க வந்தார். மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறதாம். சாப்பாடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் சர்க்கார் செலவு. ஆனால் ஓர் ஆபீசர் வீட்டுக்கு வந்து பார்த்து, பிள்ளைக்கு உதவி தேவைதான் என்று எழுதித் தர வேண்டும். பத்து வயது முடிந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்குப் பத்து முடிய நாலே மாதம் இருந்தது.

அம்மாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் அதை ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள்.

“ஆபீசர் வாராக. நம்ம பிள்ளை வாங்கன்னு கேக்காம நின்னா, வளத்தவளைத்தானே காறித் துப்புவாக? நீதான் பழக்கணும்” என்றாள் என்னிடம்.

நான் வெளியே போய் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவேன். கதவு கிறீச்சிடும். “வாங்க” என்று நானே சொல்லி, அவள் கையில் ஒரு பிடி பொரிகடலை வைப்பேன். இருபது நாள் இதே வேலை. இருபத்தோராம் நாள் கதவு கிறீச்சிட்டதும் அவள் “வாங்க” என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஆபீசர் வந்தார். கதவு கிறீச்சிட்டது. தலை பின்னிப் பூ வைத்து, பட்டுப் பாவாடையில் நின்றவள் சொன்னாள்: “வாங்க.”

“அட, பாப்பா நல்லா பேசுதே! பேரென்னம்மா?”

அவள் பேசாமல் கையை நீட்டினாள்.

“வெக்கப்படுது” என்று சிரித்தார்.

“ஐயா, அதுக்கு அந்த ஒரு வார்த்தைதான்...” என்று அப்பா தொடங்கினார்.

“சும்மா இருங்க. அவுக முதல்ல பலகாரம் சாப்பிடட்டும்” என்று அம்மா அடக்கிவிட்டாள். வந்தவரிடம் வழக்காடுவது மரியாதை இல்லையாம். பாழாய்ப்போன மரியாதை! கிணற்றடிக் கற்களையும் வீடு சுத்தமாகத் தெரியட்டும் என்று அம்மா சாக்கை விரித்து மூடியிருந்தாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி, எழுதிக்கொண்டு போனார்.

ஒரு மாதத்தில் தபால் வந்தது. பிள்ளை பேசுகிறாள், விருந்தினரை வரவேற்கிறாள், உதவி தேவையில்லை. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி மனுப் போட்டுப் பதில் வருவதற்குள் அவளுக்குப் பத்து முடிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் அவளிடம் அப்படியே தங்கிவிட்டது. கதவை யார் திறந்தாலும் “வாங்க” என்பாள். அவளுக்குப் பதிமூன்று வயதானபோது, ஒரு மத்தியானம் அம்மா கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஓர் ஆள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவள் கை நிறைய மிட்டாய்.

“இந்தப் பிள்ளதான் வாங்கன்னுச்சு” என்றான். அவசரப்படாமல் எழுந்து போனான். மறுவாரம் எதிர்ச் சந்தில் அவனை நானே பார்த்தேன். எங்கள் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றே அப்பா பின்கட்டு அறைக்குப் பூட்டு வாங்கி வந்தார். அவளை உள்ளே விட்டு, கூழாங்கற்களையும் அள்ளிப் போட்டு, பூட்டினார். சாப்பாட்டுக்கும் குளிக்கவும் மட்டும் திறப்போம்.

கல்யாணமாகிப் பள்ளத்தூர் போன நான், முதல் தடவை திரும்பி வந்ததும் நேரே அந்த அறைக்குப் போனேன். சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினேன். அதுவும் கிறீச்சிட்டது.

“வாங்க” என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. என் முகத்தைப் பார்க்கவில்லை. பொரிகடலைக்குக் கையை நீட்டினாள். நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.