நிறுத்தியும் விடாத போர்ட்

தொண்ணூறுகளின் கடைசியில், அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டிலிருந்த ஒரு நூல்மில்லில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எடைமேடையில் லாரி ஏறினால், எடை வயர் வழியாக ஆபீஸ் மெஷினுக்கு வரும். அதை வாங்கிச் சீட்டு அச்சடிக்கிற சர்வர் புரோகிராமை மதுரை இன்ஜினியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அது அடிக்கடி மக்கர் பண்ணும். நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால், போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். போர்ட் என்பது தகவல் வந்து சேருகிற வாசல். அதில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் காத்திருக்க முடியும். நிறுத்திய பிறகும் யார் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது? மெஷினையே அணைத்துப் போட வேண்டியிருந்தது. அதுவரை லாரிகள் வெயிலில் காயும். டிரைவர்களின் ஏச்செல்லாம் எனக்குத்தான்.

இன்ஜினியரிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்தால் தானாக விட்டுவிடும் என்றார். பொறுத்தும் விடவில்லை. மறுபடி கூப்பிட்டு அதைச் சொன்னதும் மேனேஜரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

பேசி முடித்த மேனேஜர் என்னைப் பார்த்து, "ஒனக்கு ஒழுங்கா நிறுத்தத் தெரியலங்கிறாக. இனிமே நீ அதத் தொடாதம்மா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்ஜினியர் எழுதிக் கொடுத்த கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்தவள் நான்.

அடுத்த முறை மேனேஜரே நிறுத்தினார். அவருக்கும் அதே கதைதான். மெஷினை அணைக்கப் போனவரைத் தடுத்து, பார்க்கவிடச் சொன்னேன். எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று தேடினேன். சர்வர் போயிருந்தது. ஆனால் சீட்டு அச்சடிக்க அது கிளப்பிவிட்ட குட்டிப் புரோகிராம், பேப்பர் சிக்கிய பிரிண்டருக்காகக் காத்துக் கிடந்தது. சர்வர் திறந்த போர்ட்டை அதுவும் பிடித்திருந்தது. அதை நிறுத்தினேன். சர்வர் உடனே கிளம்பியது.

இன்ஜினியர் நேரில் வந்தார். குட்டிப் புரோகிராம் போர்ட்டைப் பிடிக்காதபடி திருத்திவிட்டு, பிரிண்டர் கோளாறுதான் என்று மேனேஜரிடம் சொன்னார்.

"சார், எனக்கு நிறுத்தத் தெரியலைன்னு சொன்னீங்கல்ல. அது தப்புன்னு இவுககிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். மேனேஜரோ, வேலை நடந்தால் சரி என்று அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோளாறு பிறகு வரவில்லை. இன்ஜினியர் மட்டும் அவ்வப்போது வந்தார். ஆபீஸே எழுந்து நின்று வணக்கம் சொல்லும். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.