அண்ணையின் இடக்கன்னம்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். இளவயதில் ஆயுதம் ஏந்தினார். வெடித்த எறிகணைச் செல்லின் துண்டொன்று அவரது இடக்கன்னத்தையும் மூக்கையும் மேலுதட்டையும் கொண்டுபோனது. இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது. கனடாவின் மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து மருத்துவருக்கும் வழியில் போனவருக்கும் இதையே சொல்லிக் களைத்துவிட்டேன்.

டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை அவருக்கு. கோடையிலும் சால்வையால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் மெட்ரோவில் ஏறுவார். பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

மருத்துவமனையார் எங்களை ஒரு சிற்பியம்மாவிடம் அனுப்பினார்கள். சிலை செய்யும் அவர், முகம் சிதைந்தவர்களுக்குச் சிலிக்கனில் முகத்துண்டும் செய்வார். அண்ணையின் பழைய படம் கேட்டார். ஓடி ஓடி இடம்பெயர்ந்த எங்களிடம் படம் ஏது? சிற்பியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மூக்கிலும் கன்னத்திலும் சாந்து அப்பி அச்செடுத்து, அதைக் களிமண்ணில் ஆண்முகமாகத் திருத்தினார்.

“அந்த மனுசி பாவம் எண்டு பாக்கேல்லை, தங்கச்சி. கல்லைப் பாக்கிறமாதிரித்தான் என்னைப் பாக்கிறா. எவ்வளவு நிம்மதி தெரியுமே!” என்றார் அண்ணை.

நிறம் தீட்டி, மீசைமயிர் நட்டு முடிந்ததும் பசை பூசி ஒட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். “ஐயோ, உன்ர மூக்கெல்லே! இனி ஆர் எனக்குப் பொம்பிளை தருவினம்?” என்று சிரித்தார். அன்றே சால்வையில்லாமல் தெருமூலைத் தெப்பனேர் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவந்தார்.

“கடைக்காரன் போன்ஜூர் எண்டான், மிச்சக்காசைத் தந்தான். வேற ஒண்டுமில்லை,” என்று அதையே அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு புற்றுநோய் வந்தது. அவரைத் தூக்கி இருத்திய என் தோள்கள் இன்னும் நோகின்றன.

அண்ணை இறந்தபின் மலர்ச்சாலையில் முகத்துண்டை ஒட்டி அவரது உடலை அழகாகக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. என் கையரிசி சிலிக்கன் உதட்டில் பட்டு உருண்டு விழுந்தது. துண்டைக் கழற்றக் குனிந்தேன். அப்பாவின் தங்கையான மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“விசரே உனக்கு? சனம் பாக்குது பிள்ளை. வடிவாக் கிடக்கிறான், இப்பிடியே போகட்டும்.”

“மாமி, இதோட அண்ணை ஒருநாளும் ஒருவாய் சாப்பிட்டதில்லை. கழட்டி வைச்சிட்டுத்தான் சாப்பிடுவார்.”

மாமி கையை விட்டார். நான் கழற்றினேன். மேலுதடில்லாத அந்த வாயில் முதல் அரிசியை மாமிதான் இட்டார். “சாப்பிடு ராசா,” என்றார்.

சிற்பியம்மாவுக்கும், மருத்துவத் தாதியருக்கும், அந்தியேட்டிச் சடங்குவரை சமைத்து அனுப்பிய அயலவருக்கும் எங்கள் நன்றி. அன்று மாமிக்குப் பின்னால் வரிசையில் வந்து, முகத்தைத் திருப்பாமல் அண்ணைக்கு அரிசி இட்ட உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

— தங்கை