மாதனூர்ப் பக்கம் இரண்டு பள்ளிகள், ஒரே தாள்

கடந்த ஏப்ரல் முதல் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலை சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி, சனிக்கிழமை மதியம் திரும்பினேன். போன தூரம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. இதைப் பயணம் என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் பிள்ளைக்குப் பள்ளி தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

காரணம் என் தம்பி மகள் சுமதி. மாதனூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அவள் கணவர் குமார் வேறொரு கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறார். மகள் யாழினிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. குமார் ஆம்பூர் சாலையில் இருக்கும் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் இடம் பிடித்து வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பணம் கட்டிக் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். சுமதிக்கு ஊரிலேயே இருக்கும் பஞ்சாயத்துப் பள்ளி போதும் என்று எண்ணம். இருவருக்கும் கம்பெனியில் ஒருநாள் விடுப்புக்கூடக் கிடைக்கவில்லை.

"நீங்க போய் ரெண்டையும் பாத்துட்டு சொல்லுங்க பெரியப்பா. நீங்க சொன்னா அவரு கேப்பாரு" என்றாள் போனில்.

அங்கேதான் எனக்குப் பயம். நான் வானிலை நோக்குநிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளராக இருந்தவன். குறிப்பிட்ட நேரத்தில் வெப்பமானியைப் படித்து எழுதுவது என் வேலை. மழை வருமா என்று யாராவது கேட்டால், "அது மேலிடத்தில் சொல்வார்கள்" என்பேன். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். என் மனைவி இருந்தவரை துணி உலர்த்தலாமா வேண்டாமா என்றுகூட நான் சொன்னதில்லை.

சொல்லத் தெரியாது, ஆனால் அளக்கத் தெரியும். ஒரே கருவி, ஒரே நேரம்: அது மட்டும் எனக்குப் பழக்கம். இரண்டு பள்ளிக்கும் காலை பத்து மணிக்குப் போவது, இரண்டிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரிடம் ஒரே தாளைப் படிக்கக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பாடப்புத்தகம் கூடாது, மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். சென்ற மாதம் சுமதி வந்தபோது என் வீட்டில் விட்டுப்போன கம்பெனி அறிவிப்பு ஒன்று கிடைத்தது. மேல் பாதி தமிழ், கீழ்ப் பாதி அதுவே ஆங்கிலத்தில். தமிழில் இவ்வளவுதான்: "ஏற்றுமதி அவசரம் காரணமாக வரும் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அதற்குப் பதிலாகப் புதன்கிழமை விடுமுறை. பேருந்துகள் வழக்கமான நேரத்தில் வரும்." கம்பெனி பெயரும் தேதியும் தெரியாதபடி மேல் ஓரத்தை மடித்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். தேதியை மறைத்தது பெரிய தவறு. அது பிறகு தெரிந்தது.

வியாழன் காலை 7.10க்கு டவுன் பஸ், புது பஸ் ஸ்டாண்டு வரை ஏழு ரூபாய். 7.40க்கு ஆம்பூர் வண்டி, முப்பத்தைந்து ரூபாய். பெங்களூரு வண்டிகளில் ஏறாதீர்கள், மாதனூரில் நிறுத்தமாட்டார்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பன்னிரண்டு நிமிடம் நின்றோம். 8.50க்கு மாதனூர். டீ குடித்துவிட்டு, அந்தத் தனியார் பள்ளியின் பெயரைச் சொல்லி, ஆம்பூர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்க்கு ஏறினேன். வெள்ளைச் சட்டையும் கையில் கோப்புமாக இருந்த என்னை டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்கூலு ஆபீசரா சார்?"

"இல்லைங்க. பேத்திக்கு இடம் பார்க்க வந்தேன்."

"அப்ப சரி. ஆபீசர்னா நான் காசு வாங்கமாட்டேன், எம் பசங்க ரெண்டும் அங்கதான் படிக்குது" என்றார்.

தனியார் பள்ளியில் குறை சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. வகுப்புக்கு ஓர் ஆசிரியை, கழுவிய கழிப்பறை, சுத்திகரித்த குடிநீர், நான்கு மஞ்சள் வேன்கள். பள்ளியை நடத்தும் அம்மையார் என்னை உட்காரவைத்துப் பேசினார், மூன்றாம் வகுப்பில் ஐந்து நிமிடம் அனுமதித்தார். தாளைக் கொடுத்தேன். மூன்று பேரும் ஆங்கிலப் பகுதியை நிற்காமல் வாசித்தார்கள். என் காலத்தில் எட்டாம் வகுப்பிலும் நான் அப்படி வாசித்ததில்லை. தமிழில் கொஞ்சம் தடுமாறினார்கள், ஆனாலும் முடித்தார்கள்.

"என்னம்மா எழுதியிருக்கு இதுல?" என்று முதல் பெண்ணைக் கேட்டேன்.

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். "இந்த லெசன் மிஸ் இன்னும் நடத்தல சார்."

இரண்டாவது பிள்ளையும் அதையே சொன்னான். மூன்றாவது பெண் யோசித்து, "லீவு" என்றாள். அதுவும் பாதி சரிதான். ஆசிரியை சங்கடமாகச் சிரித்தார். பாவம், நான் இருந்த நேரம் முழுவதும் அவர் உட்காரவே இல்லை. குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை சுமதி வீட்டில். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவர். அவர் வாசலில் தோல் துண்டுகளுக்கு நடுவே யாழினியும் இன்னும் நான்கு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாக்கள் கம்பெனியிலிருந்து வரும்வரை தெருப்பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்புதான். யாழினி என்னைப் பார்த்து, "தாத்தா, நான் வேன்ல போவேனா, நடந்து போவேனா?" என்று கேட்டாள். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

வெள்ளி காலை 6.35க்கு சுமதியோடு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பதினைந்து பெண்கள் டிபன் பையோடு நின்றார்கள்.

"இன்னா சுமதி, பெரியப்பாவ வேலைக்கு சேக்க கூட்டினு வந்தியா? எங்க லைன்ல ஒரு எடம் காலி கீது" என்றார் ஒருவர்.

"கண்ணாடி போட்டவங்கள எடுக்கமாட்டாங்கடி" என்றார் இன்னொருவர். நானும் சிரித்துவிட்டேன். பிறகு தைரியம் வந்து, பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறீர்கள், ஏன் என்று கேட்டேன்.

முதலில் பேசியவர் யோசிக்கவே இல்லை. "வேனு வருது சார், அதான். சாயங்காலம் டியூஷன்னு அஞ்சரை வரைக்கும் அவங்களே வச்சிக்கிறாங்க. எங்க ஊட்ல பாத்துக்க ஆளு இல்ல. பாடம் எப்டின்னு நான் எங்க போய் பாக்குறது?"

நான் போட்டிருந்த எந்தக் கேள்வியிலும் இது இல்லை. 6.42க்கு பஸ் வந்தது. அவர்கள் திரும்ப மாலை ஏழாகும். ஒரு பள்ளி காலையும் மாலையும் எத்தனை மணி நேரத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் அந்தப் பெண்கள் பார்க்கும் அளவு. அதைத் தவறு என்று சொல்ல நான் யார்? சுமதிக்குக் கஸ்தூரி இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒருவர் இல்லை.

பஞ்சாயத்துப் பள்ளி சுமதி வீட்டிலிருந்து 560 அடி எடுத்துவைக்கும் தூரம், எண்ணிப் பார்த்தேன். காலைச் சிற்றுண்டி 8.15க்கு ஆரம்பித்துவிடுகிறது. நான் பத்து மணிக்கு நுழைந்ததும் தலைமையாசிரியை எழுந்து நின்று வருகைப் பதிவேட்டை நீட்டினார். நான் அதிகாரி இல்லை என்று இரண்டு முறை சொல்லியும் நாற்காலியில் உட்காரவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள். அன்று ஒருவர் ஒன்றியக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் இவரே ஐந்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு தோல் வாரால் கட்டியிருந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அழிக்கத் துணியில்லாமல் பாதிப் பேர் முழங்கையால் அழித்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் முதல் பிள்ளை விரல் வைத்துத் தமிழைப் படித்து முடித்தான். இரண்டாவது பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. தலைமையாசிரியை மறைக்காமல், "இவன் தை மாசம்தான் வந்தான் சார், அதுக்கு முன்னாடி எங்கேயும் படிக்கல" என்றார். ஆங்கிலப் பகுதியில் இருவரும் 'சண்டே' என்ற சொல்லுக்கு மேல் நகரவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அதுவரை என் கணக்கில் தனியார் பள்ளிதான் மேலே இருந்தது.

மூன்றாவதாக ரம்யா. அவள் அம்மாவும் சுமதி போகும் அதே பஸ்ஸில் போகிறவர். "ஏற்றுமதி" என்பதை இரண்டு முறை தப்பாகப் படித்தாள். மெதுவாக முதல் வரியை முடித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த வரி தெரியவில்லை போலும் என்று நினைத்தேன்.

"இந்த ஞாயித்துக்கெழமயா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மேலே படிம்மா" என்றேன்.

படித்தாள். முகம் மாறிவிட்டது. "அம்மா கோயிலுக்குக் கூட்டினு போறேன்னு சொன்னாங்க. புதன்கெழம லீவு குடுத்தா எங்களுக்கு அன்னிக்கு ஸ்கூலு இருக்குதே சார்."

முப்பத்து நான்கு வருடம் தேதி போடாமல் ஓர் எண்ணைக்கூட எழுதாதவன், தேதியை மடித்து மறைத்த ஒரு தாளைக் கொண்டுபோய் ஒரு குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டேன். பழைய தாள், போன மாதத்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எங்கே தேதி என்று கேட்டாள். கோப்பிலிருந்து அசலை எடுத்துக் காட்டிய பிறகுதான் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தலைமையாசிரியை அவளை அதட்டவில்லை. "கேட்டுத் தெளிவு பண்ணிக்கட்டும் சார், விடுங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை ஏழரைக்குக் குமார் வந்தார். கைகால் கழுவி உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "மாமா, நான் ஒண்ணு சொல்லிடறேன். பதினோரு வருசம் சர்வீஸ். இங்கிலீஷ்ல ஒரு மெயில் எழுத வரலன்னு சூப்பர்வைசர் போஸ்ட் எனக்குக் கீழ இருந்தவனுக்குப் போச்சு. எம் பொண்ணும் அப்டி நிக்கணுமா?"

நியாயமான கேள்வி. நான் குறிப்பு நோட்டைத் திறந்து இரண்டு பள்ளியையும் வரிசையாகப் படித்தேன். தாழ்ப்பாள், ஆசிரியர் குறைவு, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, ஆங்கிலம் வராதது, எதையும் விடவில்லை. ஆறு பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளியை அளக்க முடியாது என்பதையும் சொன்னேன். கடைசியில் ரம்யா சொன்னதைப் படித்தேன்.

குமார் தாளை வாங்கிப் பார்த்தார். "புதன்கிழமை பசங்களுக்கு ஸ்கூலுன்னு சொல்லிச்சா அது?" தாளை மறுபடி ஒருமுறை படித்தார். "இதே மாதிரிதான் எங்க கம்பெனிலயும் போட்டாங்க. நாங்க முந்நூறு பேரு படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தனும் இதக் கேக்கல மாமா."

"நீங்க கேக்கமாட்டீங்க. படிக்கிறப்ப யாரும் உங்கள கேக்க விட்டிருக்கமாட்டாங்க" என்றாள் சுமதி.

"இவ ஒருத்தி." பிறகு என்னிடம் திரும்பினார். "சரி மாமா. யாழினிய இங்க சேத்தா சரியா வருமா? வரும், வராது, ஒண்ணு சொல்லுங்க."

மேலிடத்தில் சொல்வார்கள் என்று சொல்ல அங்கே மேலிடம் யாரும் இல்லை. "வரும்" என்றேன். "ஆங்கிலம் அங்கே குறைவு. அதை நீங்கள் தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் வந்து பார்ப்பேன். முன்னேற்றம் இல்லாவிட்டால் நானே முன்னால் நின்று மாற்றச் சொல்வேன்."

குமார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு, "நாளைக்கு அந்த ஸ்கூலுக்குப் போன் பண்ணி வேணான்னு சொல்லிடறேன்" என்றார். சனிக்கிழமை காலை, நான்கு மணி வரை காத்திராமல், பத்து மணிக்கே சொல்லிவிட்டார். யாழினி நடந்து போகப்போகிறாள். வேன் இல்லையா என்று கொஞ்சம் அழுதாள்.

என் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது. கஸ்தூரி போல ஒருவர் இல்லாத வீட்டுக்கு வேன்தான் சரி, அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். பத்து மணிக்குப் போங்கள், வகுப்பு சூடுபிடித்திருக்கும். கையில் கோப்பு வேண்டாம், துணிப்பை போதும். பிள்ளை எப்படி வாசிக்கிறது என்பதோடு, வாசித்தபின் என்ன கேட்கிறது என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்க ஆசிரியர் விடுகிறாரா என்று பாருங்கள். கழிப்பறைக் கதவையும் ஒருமுறை சாத்திப் பாருங்கள். போகவர ஒருவருக்குச் செலவு, டீயோடு சேர்த்து, நூற்று ஐம்பது ரூபாய்க்குள்தான்.

சனிக்கிழமை காலை 6.35க்கு மறுபடி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் ரம்யாவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நேத்து வந்ததுலேர்ந்து நாலு வாட்டி கேட்டுடுச்சு சார், ஞாயித்துக்கெழம கம்பெனி இல்லதானேன்னு. இந்த வாரம் தல வலின்னு சொல்லிப் படுத்துக்கலாம்னு இருந்தேன். இனிமே முடியாது, கோயிலுக்குப் போயே ஆவணும்."

அதனால் கடைசியாக ஒன்று. நீங்களும் ஏதாவது தாளைப் படிக்கக் கொண்டுபோனால் தேதியோடு கொண்டுபோங்கள். அதைப் புரிந்துகொள்ளும் ஒரு குழந்தை அங்கே இருக்கலாம்.