குழந்தையின் காலில் கறுப்பு டேப்

1. காலையில் டியூட்டிக்கு வந்ததும் பார்த்தேன்: குழந்தையின் கணுக்காலில் இருந்த டிரஸ்ஸிங்கின் ஓரம் பிரிந்திருந்தது.
2. மாற்றுவதற்குச் சாமான் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன்.
3. திரும்பி வந்தபோது ஓரம் நன்றாக ஒட்டியிருந்தது.
4. கறுப்பு இன்சுலேஷன் டேப்பால்.

ஓசூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. நர்ஸிங் முடித்து நான் அங்கே சேர்ந்த முதல் வருடம். அது குறைமாதக் குழந்தை; பால் உறிஞ்சத் தெரியாது. நூல் போன்ற ஒரு டியூப் கால் நரம்பு வழியாக உள்ளே போய் அதற்குச் சத்து கொடுத்துக்கொண்டிருந்தது. கை, கால், தலை என்று டாக்டர் தேடி, கடைசியாகக் கிடைத்த நரம்பு அது. டிரஸ்ஸிங்குக்கு அடியில் டியூப் நுழையும் துளை வழியே கிருமி போனால் நேராக ரத்தத்தில் கலக்கும். டியூபையும் எடுத்தாக வேண்டும். அடுத்த நரம்புக்கு எங்கே போவது?

பக்கத்தில் குழந்தையின் அப்பா நின்றிருந்தார். பேக்டரி எலக்ட்ரீஷியன், நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். செருப்பை வெளியே விட்டிருந்தார், கை கழுவியிருந்தார். சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"யாருங்க இத ஒட்டினது?"

"நாந்தான் சிஸ்டர். பிரிஞ்சு கெடந்துச்சு. இழுத்து ஒட்டியிருக்கேன், ஒரு சொட்டு தண்ணி போகாது."

"பேடா பேடா, வேணாம்னு சொன்னேன் சிஸ்டர்," என்றார் குழந்தையின் அம்மா. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடமும் கூடவே வரும். "மிக்ஸி ஒயருக்கும் இதான், ஓட்ட பக்கெட்டுக்கும் இதான். இப்ப புள்ளைக்குமா?"

"தண்ணி போகாதுங்க, சரி. உள்ள இருக்கற வேர்வ எப்படி வெளிய வரும்? டேப்புல இருந்த அழுக்கு?"

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப டியூப எடுத்துருவீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

இழுத்தால் டேப்போடு தோலும் வரும், டியூபும் வரும். கையுறை போட்டுக்கொண்டேன். இன்னொரு நர்ஸ் காலைப் பிடித்துக்கொள்ள, ஓரத்தை நனைத்து நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்தியபடி டேப்பையும் பழைய டிரஸ்ஸிங்கையும் மெதுவாக உரித்தேன். டேப் பட்ட இடம் சிவந்திருந்தது. டியூப் நுழையும் இடத்தில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. டியூபும் நகரவில்லை; எடுக்க வேண்டியதில்லை என்றேன்.

சுத்தம் செய்து மருந்து தடவினேன். அது தானாகக் காய வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் மறுபடி பிரியும். எல்லோரும் காத்திருந்தோம். அப்பா மெல்லக் குனிந்து கன்னத்தை உப்பினார்.

"ஊதாதீங்க!" பெண்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

"சீக்கிரம் காயட்டுமேன்னு... பேனல்ல தூசி இருந்தா ஊதித்தான் விடுவோம்."

"புள்ள என்ன உங்க பேனலா?" என்றார் அம்மா.

கண்ணாடி போன்ற புது டிரஸ்ஸிங்கை ஒட்டினேன். "உள்ள இருக்கறது அப்படியே தெரியுதே! எங்க ஸ்டோர்ல இதெல்லாம் இல்ல சிஸ்டர்," என்று அப்பா வியந்தார்.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்து, "நாலு ஓரமும் ஓகே" என்பார். ஒரு நாள் மட்டும், "சிஸ்டர், ஓரம் தூக்குது. நான் தொடல, சத்தியமா தொடல!" என்று வராண்டா வரை கேட்கும்படி கூப்பிட்டார். ஓடிப்போய் மாற்றினேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. பால் உறிஞ்சப் பழகியதும் டியூபை எடுத்துவிட்டோம். எங்கள் வார்டுக்குள் வருகிறவர்கள் இப்போது செருப்போடு சட்டைப் பையில் இருப்பதையும் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும்.